அனுசரணை

அதிகாலை இரண்டரைக்கு மெல்பேர்ன் டொக்லாண்ட்ஸ் மண்டபத்தில்
ஆறு சுருள் கறுப்பு நாடாவை என் கையில் தந்தார்கள்.
ஐந்து மணிக்கு ஐரோப்பாவில் இறுதியாட்டம்.
அதற்குள் பணம் கட்டாத பெயரெல்லாம்
மண்டபத்திலிருந்து மறைய வேண்டும்.

ஃபிரிட்ஜின் நெற்றியிலிருந்த குளிர்பானம் போனது.
கை உலர்த்தும் யந்திரத்தின் பெயர் போனது.
கழிவறைத் தொட்டியின் உட்புறம், நீல எழுத்தில்,
எவனும் குனிந்து படிக்காத ஒரு பெயர்.
அதையும் விடாதே என்றாள் பிரயோனி,
மேற்பார்வைக்காரி, டோர்ச் அடித்துக் காட்டி.
குனிந்தேன்.
மணிக்கு முப்பத்தொரு டொலர். குனியலாம்.

முர்தசா ஏணியில் நின்று
அவசர வழிப் பலகையை எட்டிப் பிடித்தான்.
"அது கொம்பனி இல்லை, வெளியே போகும் வழி" என்றேன்.
"கீழே சின்னதாகச் செய்தவன் பெயர் இருக்கிறது" என்றான்.
ஒட்டினான்.

இனிச் சுவரெங்கும் ஒரே பியர்.
ஒரு வங்கி, ஒரு விமானம், ஒரு சிப்ஸ் பக்கெட்
மூலைகளில், அளந்து விட்ட இடத்தில்.
நடுவே கண்ணாடிக் கூட்டுக்குள் கோப்பை.
பிளாஸ்டிக். தூக்கிப் பார்த்தேன்,
வீட்டு வாளியை விடப் பாரமில்லை.

எங்கள் தமிழில் இதற்குப் பெயர் அனுசரணை.
பாசையூர் மைதானத்தில் ஒலிபெருக்கி
அந்தச் சொல்லை இழுத்து இழுத்துச் சொல்லும்.
ஐஸ் ஆலை மரியநாயகம் ஒருமுறை
பதினொரு பெனியன் கேட்டதற்குப் பத்துத் தந்தார்.
கோல்காப்பாளன் வெறும் மேலோடு நின்று
மூன்று கோல் விட்டான்.
அதற்கும் அதே சொல்தான்.
நோயாளிக்குக் கஞ்சி ஆற்றுகிற கைக்குச்
சொல்ல வேண்டிய சொல்.

இங்கே அதை ஒரு படிவத்தில்தான் மறுபடி சந்தித்தேன்.
பதினேழாம் கேள்வி: உமது அனுசரணையாளர் யார்?
கட்டம் பெரியது. குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
ஒன்பது வருடமாகக் கோடு பரிசீலனையில் இருக்கிறது.

நாலரைக்குப் பிரயோனி என்னைச் சுற்றி வந்தாள்.
சப்பாத்து: நாடா.
தொப்பி: கழற்று.
மார்பு அட்டையில் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் முத்திரை.
அதற்கு ஒட்டிய நாடா கொஞ்சம் நீண்டுவிட்டது.
அகிலேஸ்வரன் என்ற நான்
ஸ்வரன் என்று மிஞ்சினேன்.
மன்னித்துக்கொள் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

எழுநூறு பேர் குளிரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.
திரையில் பந்து ஓடியது. பந்துக்குப் பின்னால்
பலகைகளில் பெயர்கள் ஓடின, பந்தை விட வேகமாக.
கூடுதல் நேரம். பிறகு பெனால்டி.
கடைசி உதைக்கு வந்த பொடியனுக்கு
இருபது வயது இருக்கலாம்.
பந்தை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.
நெஞ்சில் ஏதோ ஒரு நாட்டு விமானம்,
தோளில் ஏதோ ஒரு காப்புறுதி.
வெளியே அடித்தான்.

கமரா அவன் முகத்துக்குப் போனது,
கிட்ட, இன்னும் கிட்ட,
சட்டையே தெரியாத அளவுக்கு.
அந்த முகத்தில் எவருடைய பெயரும் இல்லை.
மூன்று வினாடி.
பிறகு பியர்.

ஏழரைக்கு நாடாவை உரித்தோம்.
குளிர்பானம் திரும்பி வந்தது,
கழிவறைக்காரனும் வந்தான்.
என் அட்டையில் உரித்தபோது
முதல் மூன்றெழுத்தும் சேர்ந்து கழன்றது,
பசையில் தலைமாறி ஒட்டிக்கொண்டு.
சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன்.

ரயிலில் முர்தசா வாய் பிளந்து தூங்கி
என் தோளில் சரிந்தான்.
அவன் தலைமயிரிலும் ஒரு துண்டுக் கறுப்பு நாடா.
நோபிள் பார்க் என் இடம்.
கதவு திறந்தது. குளிர் ஏறி வந்து பார்த்தது.
மூடியது.
டாண்டனோங் வரைக்கும் போய்த் திரும்பலாம்,
அவன் இறங்குவது அங்கேதான்.